மூக்கினுள் மிச்சம் இருப்பது

மூக்கில் அறுவை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறு அறுவைக்கு வருகிறார்கள் என்று மருத்துவ இதழ்களில் அடிக்கடி ஒரு கணக்கு வரும். எல்லோரும் அழகு தேடி வருபவர்கள் அல்லர். இளம் வயதில் இரண்டு துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டின் வளைவைச் சரிசெய்து, சில ஆண்டுகளில் மூக்கின் நடுப்பகுதி பள்ளமாக இறங்கிப் போனவர் இருப்பார். விபத்தில் உடைந்த மூக்கை நிமிர்த்திய பிறகும் ஒரு துளையில் மட்டுமே மூச்சு விடுகிறவர் இருப்பார். சிலிக்கான் துண்டு வைத்து உயர்த்திய மூக்கின் நுனி சிவந்து, தோல் மெலிந்து, உள்ளே வைத்தது வெளியே தெரியத் தொடங்கியவர் இருப்பார். இவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மறுபடி செஞ்சா சரியாயிடுமா டாக்டர்?" மருத்துவர் மனதுக்குள் கேட்டுக்கொள்வது வேறு. உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது, குறைவதை உடம்பின் எந்த இடத்திலிருந்து எடுப்பது? அதற்கு விடை கிடைக்காமல் முன்னதற்கு யாரும் உண்மையாகப் பதில் சொல்ல முடியாது.

சித்திரபுரத்தில் இருக்கிற ஒருவருக்கு இந்த விஷயம் கூடுதலாக முக்கியம். மூணாறை அடுத்த மலைச்சரிவு, பள்ளிவாசல் மின்நிலையம் வந்ததால் வளர்ந்த ஊர், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் இடம். இங்கே மூக்கு உடைவதற்குக் காரணங்கள் ஏராளம்: மழையில் வழுக்கும் படிகள், வளைவில் கவிழும் ஜீப், கால்பந்து மைதானத்தில் முகத்தில் படும் முழங்கை. முதல் உதவிக்கு ஊரிலேயே சமூக நல மையம் உண்டு. மறு அறுவை என்று வந்துவிட்டால் மேற்கே இறங்கி அடிமாலி, கோதமங்கலம் வழியாக எர்ணாகுளமோ கோட்டயமோ போக வேண்டும். இல்லையென்றால் மூணாறு ஏறி, போடிமெட்டு இறங்கி, தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். மறு அறுவை என்றால் ஒரு பயணத்தில் முடியாது. ஓர் ஆண்டுக்கு மேல் இழுக்கும். அதனால் மலை இறங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடியதை எல்லாம் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

மூக்குக்கு மூன்று அடுக்கு உண்டு. வெளியே தோல். உள்ளே ஈரமான சளிச்சவ்வு. இரண்டுக்கும் நடுவில் தாங்கி நிற்கும் சட்டம். அதன் மேல் மூன்றில் ஒரு பங்கு எலும்பு, மீதி குருத்தெலும்பு. இந்த மூன்றில் எது போனாலும் மூக்கு குலையும். மருத்துவ உலகம் இந்த மூன்றையும் ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. முதலில் தோல், பல நூற்றாண்டு கழித்து உள்சவ்வு, கடைசியில்தான் சட்டம். அந்த வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதி நம் மண்ணில் நடந்தது.

மூக்கை அறுப்பது இங்கே பழைய தண்டனை. 1650களில் மைசூர் மன்னர் கந்தீரவ நரசராஜாவின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் இறங்கி, கையில் அகப்பட்டவர்களின் மூக்கையும் மேலுதட்டையும் அறுத்துச் சென்றது. திருமலை நாயக்கர் அப்போது நோயில் கிடந்தார். சேதுபதியின் படை துணைக்கு வந்தது. மைசூர்ப் படையைத் திருப்பி விரட்டிய மதுரைப் படை அங்கே போய் அதே கொடுமையைச் செய்தது. மூக்கறு போர் என்று வரலாற்று நூல்களில் அதற்குப் பெயர். அந்தப் போரில் மூக்கிழந்த உழவர்களும் கூலிக்காரர்களும் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று எந்த மன்னரின் கல்வெட்டும் சொல்லவில்லை. மூக்கு இல்லாத முகத்தோடு சந்தைக்குப் போவது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், மூக்கைச் சீரமைக்கும் வித்தை ஏன் இந்த நாட்டில் வேர்விட்டது என்பது விளங்கும்.

அந்த வித்தையின் பழைய எழுத்து வடிவம் சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அந்த அளவில் கன்னத்துத் தசையைத் தோலோடு கீறி, ஓர் ஓரம் கன்னத்திலேயே ஒட்டியிருக்கும்படி விட்டு, மூக்கின் மேல் திருப்பிப் பொருத்தித் தைக்கச் சொல்கிறது அந்த நூல். மூச்சு விடுவதற்கு இரண்டு குழல்களை உள்ளே செருகச் சொல்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது அதற்கு அடுத்து வரும் குறிப்பு: புண் ஆறிய பிறகு மூக்கு சிறுத்திருந்தால் அதை மீண்டும் வளர்க்க முயல வேண்டும், தசை மிகுந்திருந்தால் அளவாகக் குறைக்க வேண்டும். மறு அறுவையின் தேவையை முதல் அறுவை சொல்லும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே தடவையில் எல்லாம் அமைந்துவிடும் என்று வாக்குக் கொடுக்கும் இன்றைய விளம்பரங்களைவிட அந்தப் பழைய எழுத்தில் நேர்மை அதிகம்.

உலகம் அறிந்த நிகழ்ச்சி புணேயில் நடந்தது. ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டிய கோவாஸ்ஜி என்பவர் 1792 போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் சிக்கி, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஓராண்டு மூக்கில்லாமல் இருந்த அவருக்குப் புணே அருகே செங்கல் சூளைத் தொழில் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு மாதிரி செய்து, அதைத் தட்டி நெற்றியில் பரப்பி, அந்த அளவில் நெற்றித் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பு மட்டும் ஒட்டியிருக்க, திருகிக் கீழே இறக்கிப் பொருத்தினார். சுமார் 25 நாள் கழித்துக் காம்பை அறுத்தார். பார்த்துக்கொண்டிருந்த ஆங்கில மருத்துவர்கள் வியந்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் இதழில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814-இல் லண்டனில் அதே முறையில் அறுவை செய்து 1816-இல் நூலாக வெளியிட்டார். நெற்றித் தோல் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அந்தக் காம்பு. புருவத்தின் உள்முனையை ஒட்டி மேலேறும் இரத்தக் குழாய் அதற்குள் ஓடுகிறது. அந்தக் கைவினைஞர் உடற்கூறு நூல் படித்திருக்க வழியில்லை. தலைமுறையாகக் கைமாறிய அனுபவம் அந்தக் குழாயைக் காப்பாற்றியது.

ஆனால் அது தோல் மட்டும்தான். உள்பக்கம் சவ்வில்லாமல் பச்சைப் புண்ணாக இருக்கும் தோல் ஆறும்போது சுருங்கும். சுருங்கினால் துளை ஒடுங்கும், நுனி மேலே இழுக்கும். உள்சவ்வு எவ்வளவு முக்கியம் என்பதை மருத்துவர்களுக்குப் புரியவைத்தவர்கள் நோயால் மூக்கு அமுங்கியவர்கள்; அவர்களில் பலர் தொழுநோயாளிகள். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த இடங்கள் பிடிக்கும். காற்று ஓயாமல் வந்து போகும் மூக்கு அப்படிப்பட்ட இடம். கிருமி சளிச்சவ்வையும் குருத்தெலும்பையும் அரித்துவிட, மூக்கின் நடுப்பகுதி உள்வாங்கும். பார்த்தவுடன் ஊருக்கு நோய் தெரிந்துவிடும். மருந்தால் கிருமி செத்த பிறகும் அந்த முகம் ஒருவரைச் சாகும்வரை ஒதுக்கி வைத்தது.

முதல் உலகப் போரில் சிதைந்த முகங்களைச் சீரமைத்த ஹெரால்ட் கில்லிஸ், 1920களில் பால்வினை நோயான சிபிலிஸால் அமுங்கிய மூக்குகளில் ஓர் உண்மையைக் கவனித்தார். வெளித்தோல் குறையாமல் அப்படியே இருக்கிறது. உள்சவ்வு சுருங்கி, அந்தத் தோலை உள்ளே பிடித்து இழுத்து வைத்திருக்கிறது. மேலுதட்டின் உள்பக்கம் வழியாகப் போய், சுருங்கியதை விடுவித்து, வேறிடத்துத் தோலை உள்விரிப்பாக வைத்தால் மூக்கு மறுபடி எழும். கில்லிஸிடம் பயின்று வந்த நோஷிர் ஆன்ட்டியா இந்த வழியை மும்பை, புணேப் பகுதித் தொழுநோயாளிகளுக்குக் கொண்டுவந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டும் அவர் குழுவினரும் கைவிரல்களோடு சேர்த்து மூக்கையும் புருவத்தையும் சீரமைத்தார்கள். அழகு அறுவை என்று சிலர் ஏளனமாகச் சொல்லும் வேலை, பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஆள் உட்காரும் வாழ்க்கையை அந்த மனிதர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி அமுங்கிய இரண்டு மூக்குகளில் ஒன்றில் சட்டம் போயிருக்கலாம், மற்றொன்றில் உள்சவ்வும் சேர்ந்து போயிருக்கலாம். சட்டம் மட்டும் போயிருந்தால் குருத்தெலும்பு வைத்தால் நிமிரும். சவ்வு சுருங்கியிருக்கும்போது குருத்தெலும்பை மட்டும் திணித்தால் இறுகிய தோல் அதை நெருக்கும். சில சமயம் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மறு அறுவையில் பல தோல்விகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. முதல் அறுவையின் தழும்பு தோலையும் சவ்வையும் இறுக்கி வைத்திருக்கும். அறுவையே காணாத மூக்கில் இழுத்தால் வரும் தோல் இங்கே வராது.

இனி குருத்தெலும்பு. இந்தத் திசுவுக்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் உயிரணுக்கள் தாம் சுரந்த கெட்டியான கூழுக்குள் தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடக்கும். மேலே போர்த்திய மெல்லிய உறையிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தைக் கொண்டு மிகச் சிக்கனமாக வாழும். ஓரிடத்திலிருந்து வெட்டி இன்னோர் இடத்தில் வைத்தாலும் சாகாமல் பிழைப்பதற்கு இந்தச் சிக்கனம்தான் காரணம்; சுற்றியுள்ள திசுவின் ஈரம் அதற்குப் போதும். எலும்புத் துண்டை அப்படி வைத்தால் காலப்போக்கில் கரையும் வாய்ப்பு அதிகம்.

அதே சிக்கனம் ஓர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. மூக்கில் பலமாக அடிபட்டால் நடுத்தண்டின் குருத்தெலும்புக்கும் அதன் உறைக்கும் நடுவே இரத்தம் தேங்கலாம். உறை விலகிவிட்டால் ஊட்டம் நின்றுவிடும். ஓரிரு நாளில் குருத்தெலும்பு அழியத் தொடங்கும். கிருமி சேர்ந்தால் இன்னும் வேகமாக அழியும். சில மாதத்தில் மூக்கு அமுங்கும். குழந்தை கீழே விழுந்து, மூக்கு வெளியே நேராகத் தெரிந்தாலும் இரண்டு துளையும் அடைத்துக்கொண்டு, உள்ளே நடுத்தண்டின் பக்கம் மெத்தென்று சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ வீங்கியிருந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சின்னக் கீறலில் தேங்கிய இரத்தத்தை வெளியேற்றி, உள்ளே பஞ்சுக்கட்டு வைப்பார்கள். "வீக்கம்தானே, ரெண்டு நாள்ல வத்திடும்" என்று வீட்டில் வைத்திருந்த எத்தனையோ குழந்தைகள் வளர்ந்த பிறகு பெரிய அறுவைக்கு வருகிறார்கள். மலையூர்களில் இதை ஒவ்வொரு தாயும் ஆசிரியரும் தெரிந்திருக்க வேண்டும்.

மறு அறுவைக்குக் குருத்தெலும்பு வேண்டுமென்றால் முதலில் பார்ப்பது மூக்கின் நடுத்தண்டைத்தான். அறுக்கும் இடத்திலேயே கிடைக்கிறது, நேராக இருக்கிறது, உறுதியாகவும் இருக்கிறது. ஆனால் முழுவதையும் எடுக்க முடியாது. மேல் விளிம்பிலும் முன் விளிம்பிலும் குறைந்தது 1 சென்டிமீட்டர் அகலத்துக்கு விட்டுவைக்க வேண்டும். பலர் ஒன்றரை விடுவார்கள். அந்தப் பட்டைதான் மூக்கைத் தூக்கி நிறுத்துகிறது. மறு அறுவைக்கு வருபவரிடம் எடுக்கக்கூடிய பகுதி பெரும்பாலும் முதல் தடவையே தீர்ந்திருக்கும். எஸ்.எம்.ஆர். என்ற பெயரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீயரும் கில்லியனும் பரப்பிய பழைய முறையில் வளைந்த தண்டின் பெரும்பகுதியையே எடுத்துவிடுவார்கள். பல பத்தாண்டுகள் நம் ஊர் மருத்துவமனைகளிலும் அது சாதாரணமாக நடந்தது. இப்போது செய்யும் செப்டோபிளாஸ்டியில் எடுப்பது குறைவு, நேராக்கித் திரும்ப வைப்பது அதிகம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் "சின்ன வயசுல எஸ்.எம்.ஆர். பண்ணாங்க" என்றால், நடுத்தண்டில் எடுப்பதற்கு ஒன்றுமிருக்காது என்று மருத்துவர் அப்போதே ஊகித்துவிடுவார்.

அடுத்தது காது. மடலின் நடுவே கிண்ணம்போல் குழிந்த பகுதியிலிருந்து, பின்பக்கம் கீறி எடுப்பார்கள். காதின் வடிவம் கெடாது. தழும்பு பின்னால் மறைந்துவிடும். நம் பெண்களுக்கு இதில் ஒரு கவலை உண்டு: தோடு போடும் இடம் போய்விடுமா என்று. தோடு தொங்குவது குருத்தெலும்பே இல்லாத சதைப் பகுதி. கொப்பும் முருகும் ஏறுவது மேல் விளிம்பு. எடுக்கும் குழிப்பகுதி இரண்டையும் தொடுவதில்லை. மேல் காதில் துளையிட்டுச் சீழ் வைத்து மடல் சுருங்கியவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காதுக் குருத்தெலும்பு வளைவானது, மென்மையானது. நுனியை உருவாக்க, துளையின் ஓரம் உள்வாங்காமல் தாங்க, சிறிய பள்ளம் நிரப்ப மிகவும் ஏற்றது. தாழ்ந்த மூக்கை நேர்கோட்டில் உயர்த்த அதன் உறுதி போதாது, அளவும் போதாது.

நிறைய வேண்டும் என்றால் விலா. மார்பின் முன்புறம் 6, 7, 8-ஆம் விலாக்களின் முனை குருத்தெலும்பாகவே இருக்கும். சில சென்டிமீட்டர் கீறலில் எடுத்துவிடலாம். பெண்களுக்கு மார்பின் கீழ்மடிப்பில் கீறினால் தழும்பு மறையும். பின்விளைவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில நாள் மூச்சிழுக்கும்போதும் இருமும்போதும் வலிக்கும். பாரம் தூக்கும் வேலை செய்கிறவர் சில வாரம் ஒதுங்கியிருக்க வேண்டும். விலாவின் அடியில் நுரையீரலைச் சுற்றிய சவ்வு இருக்கிறது, எடுக்கும்போது அது கிழிய அரிதாக வாய்ப்புண்டு. அறுவை மேசையிலேயே சோதித்துப் பார்த்துத் தைத்துவிடுவார்கள். வயது ஏற ஏற விலாக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறிக் கெட்டிப்படும், செதுக்கும்போது உடையும். நடுவயதைத் தாண்டியவருக்கு முன்கூட்டியே சி.டி. எடுத்துப் பார்க்கும் வழக்கம் அதனால்தான்.

விலாவின் பெரிய குறை, அது வளைவது. ஈரம் காயாத மரத்தைப் பலகையாக அறுத்தால் சில நாளில் கோணிக்கொள்ளும் அல்லவா, அதுபோல் நேராகச் செதுக்கி வைத்த துண்டு மூக்குக்குள் வளைந்து, நேர்மூக்கு ஒருபக்கம் சாயும். குருத்தெலும்பின் உள்பகுதியில் நீரை உறிஞ்சி உப்பப் பார்க்கும் மூலக்கூறுகள் நிறைந்திருக்கின்றன. மேற்பரப்பில் இழுத்துக் கட்டிய கொலாஜன் நார்கள் அந்த உப்பலை அடக்கி வைக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை துண்டு நேராக நிற்கும். ஒரு பக்கத்தின் மேற்பரப்பை மட்டும் செதுக்கினால் அந்தப் பக்கம் கட்டு அவிழ்ந்து விரியும், மற்றப் பக்கம் குழிவாகச் சுருளும். இதை 1958-இல் கிளாஸ்கோவின் தாமஸ் கிப்சன், டேவிஸுடன் சேர்ந்து விளக்கினார். நான்கு பக்கமும் சமமாகச் செதுக்கி நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் விசைகள் சமப்படும் என்பது அவர்கள் காட்டிய வழி. இந்தக் கிப்சன்தான் 1943-இல் பீட்டர் மெடவருடன் சேர்ந்து, ஒருவரின் தோலை இன்னொருவருக்கு ஒட்டினால் உடல் ஏன் ஏற்பதில்லை என்று ஆராய்ந்தவர். மெடவருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் நல்ல அறுவை மருத்துவர் செதுக்கிய துண்டை உப்புநீரில் போட்டுக் காத்திருந்து, எப்படிக் கோணுகிறது என்று பார்த்த பிறகே உள்ளே வைப்பார். அப்படியும் சில துண்டுகள் மாதக்கணக்கில் மெல்ல வளையும். வளையவே வளையாது என்று உறுதி தருகிறவரை நம்ப வேண்டாம்.

வளைவைத் தவிர்க்க இன்னொரு வழி, துண்டாக வைக்காமல் பொடியாக நறுக்கி வைப்பது. அரை மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கினால் கோணுவதற்கு நீளமே இல்லை. துருக்கி மருத்துவர் எரோல் 2000-இல் நறுக்கிய குருத்தெலும்பை, இரத்தம் நிறுத்தப் பயன்படும் ஒருவகை வலைத்துணியில் சுற்றி வைத்து நல்ல பலன் கண்டதாக எழுதினார். அமெரிக்காவில் டேனியலும் கால்வெர்ட்டும் அதையே செய்து பார்த்தபோது வைத்தது கரைந்துவிட்டது. 2004-இல் அவர்கள் துணிக்குப் பதிலாக நெற்றிப்பொட்டுக்கு மேலே தசையைப் போர்த்தியிருக்கும் உறையை எடுத்துச் சுற்றினார்கள், அது நின்றது. மூக்கின் மேல்வரம்பை மெத்தென்று சீராக்க இன்று பலரும் கையாள்வது அந்த முறைதான். ஆனால் நறுக்கிய குருத்தெலும்பு பள்ளத்தை நிரப்பும், பாரம் தாங்காது. நடுத்தண்டே சரிந்த மூக்கில் அடியில் கெட்டியான தூண் இருந்தால்தான் மேலே இதை வைக்க முடியும்.

சொந்த உடம்பில் எடுக்க விரும்பாதவர்களுக்குக் கதிரியக்கத்தால் கிருமி நீக்கிய, இறந்தவர்களின் விலாக் குருத்தெலும்பு சில மையங்களில் கிடைக்கிறது. மார்பில் வெட்ட வேண்டியதில்லை. ஆண்டுகள் போகப் போக எவ்வளவு கரையும் என்பதில் மருத்துவர்களே ஒத்துப்போகவில்லை. சிலிக்கான், கோர்-டெக்ஸ், துளைகள் நிறைந்த பாலிஎத்திலீன் ஆகியவற்றை வைப்பது சுலபம், செலவும் நேரமும் குறையும். முதல் அறுவையில், தடித்த தோலுக்கு அடியில், மேல்வரம்பில் மட்டும் வைத்த சிலிக்கான் பல ஆண்டுகள் சும்மா இருக்கலாம். தழும்பேறி இரத்த ஓட்டம் குறைந்த மறு அறுவை மூக்கில், அதிலும் நுனியில், செயற்கைப் பொருளை வைப்பதை நான் ஏற்கவில்லை. கிருமி பிடித்தால் எடுத்தே ஆக வேண்டும். எடுக்கும்போது தோல் இன்னும் சுருங்கி, மூன்றாவது அறுவை இரண்டாவதைவிடக் கடினமாகும். விலா வலிக்குப் பயந்து இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாசல் பல்கலைக்கழகத்தினர் 2014-இல் லான்செட் இதழில் ஒரு முயற்சியை எழுதினார்கள். தோல் புற்றுநோய்க்காக மூக்குத் துளையின் பக்கச் சுவரை இழந்த 5 பேரின் நடுத்தண்டிலிருந்து ஒரு சின்னத் துணுக்கை எடுத்து, ஆய்வகத்தில் குருத்தெலும்பாக வளர்த்துத் திருப்பி வைத்தார்கள். ஐவரும் நன்றாக இருந்தார்கள். மருத்துவமனைகளில் எளிதாகக் கிடைக்கும் நாள் இன்னும் வரவில்லை.

இதுவரை சொன்னது மூக்கை நிமிர்த்தி நிறுத்துவதைப் பற்றி. மூச்சையும் பார்க்க வேண்டும். மூக்கிலிருந்து நுரையீரல் வரை காற்று சந்திக்கும் தடையில் ஏறக்குறைய பாதி மூக்கிலேயே இருக்கிறது. அதிலும் குறுகலான இடம், மேல்பக்கக் குருத்தெலும்பும் நடுத்தண்டும் 10 முதல் 15 டிகிரி கோணத்தில் சந்திக்கும் இடுக்கு. முதல் அறுவையில் மேட்டைச் சீவி ஒல்லியாக்கும்போது இந்த இடுக்கு சரிந்தால், கண்ணாடியில் அழகாகத் தெரிகிற மூக்கு மாடிப்படி ஏறும்போது அடைத்துக்கொள்ளும். வேகமாகக் காற்றை இழுத்தால் குறுகலில் அழுத்தம் குறைந்து, வலுவிழந்த சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். கன்னத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து மூச்சிழுத்துப் பார்த்தால் சட்டென்று இலகுவாகிறதா? அப்படியானால் குறை பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1984-இல் ஜாக் ஷீன் இதற்கு எளிய தீர்வு சொன்னார்: தீக்குச்சி அளவு குருத்தெலும்புப் பட்டைகளை நடுத்தண்டின் இருபுறமும் செருகி இடுக்கை அகற்றுவது. ஸ்பிரெடர் கிராஃப்ட் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். தேயிலைச் சரிவில் கூடையோடு ஏறி இறங்குகிறவருக்கு, மூடுபனிக் காலத்தின் குளிர்காற்றை மூக்கால் சூடாக்கி உள்ளே விட வேண்டியவருக்கு, மூக்கின் உயரத்தைவிட இந்த இரண்டு பட்டைகள் பெரியவை.

எப்போது செய்வது? முதல் அறுவை முடிந்து ஓராண்டு பொறுக்கச் சொல்வார்கள். தடித்த தோல் உள்ளவர்களுக்கு அதற்கும் மேல். நம்மில் பலருக்கு மூக்குநுனித் தோல் தடிப்பு. நுனியின் வீக்கம் கடைசியில்தான் வடியும், தழும்பு இளகவும் காலம் வேண்டும். ஆறாம் மாதத்தில் மேடாகத் தெரிந்தது பன்னிரண்டாம் மாதத்தில் காணாமல் போவதுண்டு. வைத்த செயற்கைப் பொருள் வெளியே வரத் தொடங்கினாலோ சீழ் பிடித்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது. புகையிலையை அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பீடி மட்டுமல்ல, வெற்றிலையோடு போடும் போயிலையும்தான். நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும், மறு அறுவைத் தோலுக்கு அந்தக் குழாய்களே உயிர்.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்க வேண்டியிருக்கிறது. மூக்கில் பிறர் கண்ணுக்குத் தெரியாத குறை ஒருவரை நாள் முழுக்கக் கண்ணாடி முன் நிறுத்தி வைத்தால், வெளியே போகவிடாமல் செய்தால், அவருக்கு முதலில் வேண்டியது மனநல மருத்துவரின் துணை. அந்தத் துன்பம் பொய்யில்லை. ஆனால் கத்தியால் அது தீராது. ஒவ்வோர் அறுவைக்குப் பிறகும் வேறொரு குறைக்கு மாறிக்கொள்ளும். இதைக் கேட்டு அறிந்து, அறுவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் மருத்துவர் அவருக்கு நல்லது செய்கிறார்.

மலை இறங்கும்போது கையில் எடுத்துச் செல்ல வேண்டிய முக்கியமான பொருள் பழைய அறுவைக் குறிப்பு. டிஸ்சார்ஜ் தாளில் அறுவையின் பெயரும் மாத்திரைகளும் மட்டுமே இருக்கும். நடுத்தண்டில் எவ்வளவு எடுத்தார்கள், எதை எங்கே வைத்தார்கள், எந்த நூலால் தைத்தார்கள் என்பது அறுவைக் குறிப்பில்தான் இருக்கும். புது மருத்துவர் தேடும் மிச்சக் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டு தாண்டிவிட்டால் பதிவு அழிந்திருக்கக்கூடும். அதனால் மறு அறுவை செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்காதவர்களும் பிரதியை இப்போதே வாங்கி வைப்பது நல்லது. கிடைக்காமல் போனால், பஞ்சு சுற்றிய குச்சியால் நடுத்தண்டை இருபுறமும் அழுத்திப் பார்த்து, எங்கே உறுதி இருக்கிறது, எங்கே வெறும் சவ்வு மட்டும் அசைகிறது என்று மருத்துவர் கையாலேயே கண்டுபிடிப்பார். அப்போதும் முழுக்கணக்கு மூக்கைத் திறந்த பிறகே தெரியும். அதற்காகக் காது, விலா இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒப்புதல் கேட்பார். எந்த நிலையில் எதை எடுப்பீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடலாம்.